கையெழுத்தும் குணமும்: ஒரு திருத்தம்

வலப்பக்கம் சாய்த்து எழுதுபவர் எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகுவார், அழுத்தி எழுதுபவர் பிடிவாதக்காரர், இது ஆய்வில் நிரூபணமானது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிரூபணமாகவில்லை என்பதே உண்மை நிலை. 1989-இல் நேட்டர், பென் ஷாகர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலைத்திறனைக் கணிப்பதில், கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் நிபுணர்கள் அந்தப் பயிற்சியே இல்லாதவர்களைவிடச் சிறப்பாகச் செய்யவில்லை. எழுதுபவர் தன்னைப் பற்றி எழுதிய தாள் என்றால் கணிப்பு ஓரளவு பொருந்தியது. காரணம் எழுத்தின் வடிவம் அல்ல, அதில் சொல்லியிருந்த செய்தி.

நீங்களே சோதிக்கலாம். ஒரே பாலினம், ஏறக்குறைய ஒரே வயதுள்ள 10 பேரை ஒரே பத்தியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். கோடில்லாத தாள், ஒரே வகைப் பேனா. சொந்தமாக எழுதவிட்டால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். தாளில் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். தாள்களை அப்படியொரு நிபுணரிடம் கொடுங்கள். அவர் எழுதித் தரும் 10 குணக்குறிப்புகளையும் எண்ணை நீக்கிக் கலைத்து, பத்துப் பேரிடமும் மொத்தமாகக் கொடுங்கள். தன்னுடையது எது என்று ஒவ்வொருவரும் தனியாகத் தேர்ந்தெடுக்கட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கூடாது. குருட்டாம்போக்கில் எடுத்தாலே சராசரியாக ஒருவருக்குச் சரியாக வந்துவிடும். இரண்டு பேருக்குப் பொருந்தினாலும் அது சான்றாகாது.

தன் குறிப்பை மட்டும் தனியே வாசிக்கும் பெரும்பாலோருக்கும் "அப்படியே என்னைப் பற்றித்தான்" என்றே தோன்றும். "வெளியே உறுதி, உள்ளே தயக்கம்" என்ற வரி யாருக்குத்தான் பொருந்தாது? பத்தையும் கலந்து கொடுக்கச் சொல்வது அதனால்தான்.