கேட்காமல் சொல்லப்படும் உண்மை

"நான் உண்மையைத்தானே சொன்னேன்" என்ற பேச்சைப் பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி மூக்கையூர் வரை நம் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகள் எல்லாவற்றிலும் கேட்கலாம். பெரும்பாலும் ஒருவருடைய பெயரைக் கெடுத்து முடித்த பிறகே இந்தப் பேச்சு வருகிறது. பொய் சொல்லவில்லை என்ற ஒன்றே தம்மைக் குற்றமற்றவராக்கிவிடும் என்று சொல்பவர் நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் தரப்பைக் கேளாமல் பேசுவது, செய்தி சரியானதாகவே இருந்தாலும், கிறிஸ்தவ வாழ்வில் உண்மை பேசுதல் ஆகாது என்பதே என் கருத்து.

இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கடலைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருப்பது நமக்கெல்லாம் தெரியும். இரு தரப்பும் பேசியதால்தான் அப்படி ஒரு வழி பிறந்தது. ஆனாலும் இரவில் வலை அறுந்துவிட்டால், விடிவதற்குள் வாட்ஸ்அப் குரல் பதிவில் ஒரு படகின் எண்ணும் அதன் உரிமையாளர் பெயரும் ஊரெங்கும் போய்விடுகின்றன. வலையை இழந்தவரின் கோபம் நியாயமானது. அந்த வலைக்கு வாங்கிய கடன் அவர் தலையில்தான் நிற்கிறது. அதைக் கேட்டவுடன் அடுத்த பத்துப் பேருக்கு அனுப்புகிறவரின் அவசரத்துக்கு என்ன நியாயம் உண்டு? வழக்கில் முதலில் பேசுகிறவர் நேர்மையாளராகவே தோன்றுவார், எதிர்வழக்காடுகிறவர் வந்து கேள்வி கேட்கும் வரை என்று நீதிமொழிகள் நூல் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. வலை அறுந்தது உண்மை. அறுத்தவர் யார் என்பது அந்த விடியற்காலையில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பும்போது, முதலாவதன் உண்மை இரண்டாவதற்கும் போர்வையாகிவிடுகிறது.

திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பானது. எட்டாம் கட்டளையை விளக்கும் பகுதியில், பொய்யாக ஒருவர் மீது பழி சுமத்துவதோடு, போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளியென மனத்துக்குள் தீர்த்துக்கொள்வதையும், தக்க காரணமின்றி ஒருவருடைய உண்மையான குறையை அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவதையும் பாவமென்றே அது வைக்கிறது. இந்தக் கடைசி வகையை நம்மில் பலர் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதே இல்லை என்று நினைக்கிறேன். "உள்ளதைச் சொன்னேன், இதில் பாவம் என்ன?" என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

துக்க வீட்டிலும் இதே அவசரம்தான். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவரின் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் சிலர், "அங்கிட்டுப் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னோம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், இது கடவுளின் சோதனை என்று விளக்கம் கொடுக்கிறார்கள். அவர் மனைவிக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது, எந்தச் சிறையில் இருக்கிறார், வழக்கு எப்போது, வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும் ஒரு செவி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்று நூலின் முடிவில் கடவுளே சினந்துகொள்கிறார்.

இதையெல்லாம் சொல்வதால், வாயை மூடிக்கொண்டிருப்பதே புண்ணியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்ணிலேயே, ஓரியூரில், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இயேசு சபைக் குருவான புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டது அவர் மௌனமாக இருந்ததற்காக அல்ல. லிஸ்பனில் 1647இல் பிறந்து 1673இல் இந்தியாவுக்கு வந்த அவர், தமிழைக் கற்று, பண்டாரசாமி என்னும் துறவியாக உடுத்து, இம்மக்களின் உணவு முறையை ஏற்று, அவர்கள் பேசுவதைக் கேட்டு வாழ்ந்தவர். நோயுற்றிருந்த தடியத்தேவர் உபதேசியார் ஒருவரின் செபத்தால் நலமடைந்து திருமுழுக்குக் கேட்டபோது, அரச குடும்பத்தைச் சார்ந்த ஒருவரின் ஆதரவு கிடைக்கிறதே என்று அருளானந்தர் விட்டுக்கொடுத்திருக்கலாம். பல மனைவியருள் ஒருவரோடு மட்டுமே வாழ வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அவருடைய முறையீடே கைதுக்கும் மரணத்துக்கும் வழியானது. முன்பே 1686இல் சித்திரவதைப்பட்டு, இந்நாட்டில் போதிக்கக் கூடாதென்று ஆணையும் பெற்றிருந்தவருக்கு இதன் விளைவு தெரியாமல் இருந்திருக்காது. (விலக்கப்பட்ட அந்தப் பெண்களின் பக்கத்தை நாம் ஒருபோதும் கேட்டதில்லை என்பது திருவிழாப் பிரசங்கங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. புனிதரின் உண்மையை மதிப்பதற்கு அது தடையில்லை என்றே நினைக்கிறேன்.) கவனிக்க வேண்டியது, அவர் யாரிடம் பேசினார் என்பது. தடியத்தேவரைப் பற்றி ஊராரிடம் அல்ல, தடியத்தேவரிடமே பேசினார்.

நாம் இன்று இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். தடை செய்யப்பட்ட இரட்டைமடியை, அதாவது இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் வலையை, இழுக்கும் படகு எது என்பது துறையில் நிற்கும் சிறுவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு ஓயாது. கொடியேற்றத்துக்கு அந்தப் படகுக்காரர் பெருந்தொகை கொடுக்கும்போது மட்டும் பேச்சு நின்று, சால்வை வந்துவிடுகிறது. அவருக்குத் தெரியாமல் உண்மையும், அவருக்கு முன்னால் புகழ்ச்சியும் கிடைக்கின்றன. உன் சகோதரர் பாவம் செய்தால் நீயும் அவரும் தனித்திருக்கும்போது எடுத்துச் சொல், செவிசாய்க்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிச் செல், அதற்கும் இணங்காவிட்டால் திருச்சபையிடம் கூறு என்று ஆண்டவர் மத்தேயு 18இல் வரிசை வகுத்துக் கொடுத்திருக்கிறார். நாம் வரிசையின் கடைசிப் படியில், அதுவும் அவர் இல்லாத இடத்தில் தொடங்குகிறோம்.

ஆகவே பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த அந்தோணியார் திருவிழாவுக்கு நன்கொடை ரசீது எழுதும் முன், உங்களில் ஒருவர் அந்தப் படகுக்காரர் வீட்டுக்குத் தனியாகப் போய் உட்காருங்கள். ஒருமுறை கடலுக்குப் போய்வர டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு ஆகிறது, யாரிடம் எவ்வளவு கடன், இரட்டைமடியை விட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்றெல்லாம் அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். கேட்ட பிறகும் அது தவறு என்றே உங்களுக்குப் பட்டால், அந்த வீட்டிலேயே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். நன்கொடை குறைந்தால் அந்த ஆண்டுத் தேருக்கு மின்விளக்கு அலங்காரம் சற்றுக் குறையும். அதை அந்தோணியார் பொறுத்துக்கொள்வார்.