வாட்ஸ் இருந்தால் மட்டும் போதாது

"ஆம்ப்ளிஃபயர் 500 வாட்ஸ் இருந்தா 20 ஹெர்ட்ஸ்ல தாராளமா 10 டெசிபல் ஏத்தலாம், ஒண்ணும் ஆகாது"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார், அதாவது ரொம்பத் தாழ்ந்த பேஸைக் கூட்டலாம்னு. போர்ட் (காத்து போய் வர்ற துளை) வச்ச சப்வூஃபர்ல, அதாவது பேஸுக்குன்னே இருக்குற ஸ்பீக்கர்ல, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க.

10 டெசிபல்னா பத்து மடங்கு பவர். 60 வாட்ஸ் இழுக்குற இடத்துல 600 கேட்கும். அதைவிடப் பெரிய சிக்கல் கோனோட (அசைஞ்சு சத்தம் எழுப்புற ஸ்பீக்கர் பரப்பு) அசைவு. பெட்டி 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகியிருந்தா (போர்ட் நல்லா ஒலிக்குற இடம் அது), அதுக்குக் கீழே போகப் போக உள்ளே இருக்குற காத்து கோனைப் பிடிச்சு நிறுத்தாது. நூலறுந்த பட்டம் மாதிரிதான். சத்தம் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு படிக்கும்) சுமார் 24 டெசிபல் விழும், கோன் மட்டும் முன்னும் பின்னும் பாயும். அப்புறம் 'டக் டக்'னு அடிச்சா கோனை அசைக்குற கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் பின்தட்டுல மோதுதுன்னு அர்த்தம். உடனே வால்யூமைக் குறைங்க.

சீல்டு பெட்டியில (போர்ட் இல்லாம முழுசா மூடினது) கொஞ்சம் ஏத்தலாம், 3 டெசிபல்ல ஆரம்பிச்சு. ஆனா அங்கேயும் அதே சத்தத்தோட ஒரு ஆக்டேவ் கீழே போக நாலு மடங்கு அசைவு வேணும்.

முதல்ல சப்வூஃபரை மூலைக்குத் தள்ளிப் பாருங்க. காசில்லாம கிடைக்குற பேஸ் அது. போர்ட் பெட்டின்னா ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே சப்சானிக் ஃபில்டர் (அதுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டுறது) கட்டாயம். நிறைய ஆக்டிவ் சப்வூஃபர்ல உள்ளேயே இருக்கும், மேனுவலைப் பாருங்க.