பிரிட்டன் பள்ளிகள் சீன முறைக்கு மாறவில்லை

'பிரிட்டன் அரசு சீன ஆசிரியர்களை வரவழைத்துப் பரீட்சித்தது. சீன முறை ஜெயித்தது. இப்போது அங்கே எல்லாப் பள்ளிகளிலும் 12 மணி நேர வகுப்பு' என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. தவறு.

நடந்தது இதுதான். 2015-ல் பிபிசி ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுத்தது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷர் பகுதியில் போஹன்ட் என்ற ஒரே பள்ளி. 13, 14 வயது மாணவர்கள் 50 பேரை ஒரே வகுப்பில் உட்காரவைத்து, ஐந்து சீன ஆசிரியர்கள் நான்கு வாரம் பாடம் நடத்தினார்கள். காலை ஏழு மணிக்கு டிராக்சூட்டோடு உடற்பயிற்சி. நாள் முடிய இரவு ஏழாகிவிடும். கடைசியில் வைத்த தேர்வில் அந்த மாணவர்கள், அதே பள்ளியில் வழக்கம்போல் படித்த மற்ற மாணவர்களைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதலாக எடுத்தது உண்மை. ஆனால் படித்த நேரமும் கூடுதல்தானே! கேமரா வேறு சுற்றிக்கொண்டிருந்தது. இதை வைத்து எந்த முறை உசத்தி என்று எப்படிச் சொல்வது?

அரசு செய்தது வேறு. 2014 முதல் இங்கிலாந்தும் ஷாங்காயும் கணித ஆசிரியர்களைப் பரிமாறிக்கொண்டன. 2016-ல் அந்தக் கற்பித்தல் முறையைப் பரப்ப 4.1 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. அதில் 12 மணி நேர வகுப்பும் இல்லை, அது வெறும் மனப்பாடமும் இல்லை. ஷாங்காய் கணித வகுப்பே 40 நிமிடம் போலத்தான். ஒரு சின்னக் கருத்தை எடுத்து, வகுப்பு மொத்தத்துக்கும் புரிந்த பிறகே அடுத்ததற்குப் போவார்கள். பிள்ளைகளைக் கூடுதல் நேரம் உட்காரவைக்க இந்தச் செய்தியைக் காட்டும் பெற்றோருக்கு இதை அவசியம் அனுப்புங்கள்.