இரவில் வெளிறும் மீனுக்கு மருந்து வேண்டாம்

"விளக்கை அணைத்தபின் மீன் வெளிறினாலோ, உடம்பைச் சுற்றிச் சளி தெரிந்தாலோ நோய்தான், பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் உடனே செப்பு மருந்து ஊற்றுங்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

ஃபாக்ஸ்ஃபேஸ் மீனின் பளிச்சென்ற மஞ்சள் தூக்கத்தில் மங்கி, பழுப்புத் திட்டுகள் படரும். விளக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பழைய நிறம் திரும்பிவிடும். ஃபேரி ராஸ் மீன்கள் தூங்கும்போது சளியால் மெல்லிய கூடு கட்டிக்கொள்ளும். மங்கலான சிவப்பு டார்ச்சில் பார்த்தால், கண்ணாடிப் பைக்குள் மீன் கிடப்பதுபோல் அவ்வளவு அழகு! சூரியப் பவளம் இருட்டில் உணர்கொம்புகளை விரிப்பதும் இரை பிடிக்கத்தான்.

செப்போ பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும். பகலிலும் நிறம் திரும்பாமல், மூச்சு வாங்கி, இரையை ஒதுக்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். சிகிச்சை அப்போதும் தனித் தொட்டியில்தான்.