ஆழம் தெரியாமல் தூண்டிலை விடாதே

கோடை தொடங்கியதும் முகநூலில் இந்தப் படம் வந்துவிடும். நோர்வேயின் வடக்கே ஏதோ ஒரு ஃபியோர்ட், கையில் செக்கச்செவேலென்று ஒரு ஊஎர், ஆழத்தில் வாழும் மீன். கண் இரண்டும் வெளியே பிதுங்கி நிற்கும், வாயை அடைத்துக்கொண்டு ஒரு சதைக்கட்டி தள்ளியிருக்கும். கீழே ஒரு வரி: "தொர்ஸ்க்குக்குப் போட்டது, இது வந்துது. பாவம், திரும்ப விட்டாச்சு." அதற்குக் கைதட்டல், இதயக்குறி எல்லாம். அந்த மீன் பிழைத்திருக்காது. மேலே மிதந்துகொண்டு கிடந்திருக்கும், மிச்சத்தைக் கடற்பறவைகள் பார்த்திருக்கும்.

நினைக்காத மீன் மாட்டுவதில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் குளிர்க்கடலில் அதுதான் வழமை. தொர்ஸ்க், அதாவது கொட் மீனுக்கென்று அடியில் பில்க் எனும் பாரமான உலோக இரையை ஆட்டினால் குவெய்தே எனும் ஹலிபட் வரும், ஸ்டைன்பீட் எனும் ஓநாய் மீன் வரும், லிங் எனப்படும் லாங்கெ வரும். பிழை வேறு இடத்தில் இருக்கிறது. விடுவதா வைப்பதா என்று மீன் படகுக்குள் வந்த பிறகு யோசிக்கிறோம். அதைத் தூண்டில் தண்ணீருக்குள் போக முதலே முடிவு செய்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த முடிவு நம் இரக்கத்தில் இல்லை, மீன் மிதக்க உதவும் காற்றுப்பையிலும் நாம் இறக்கும் ஆழத்திலும்தான் இருக்கிறது.

கடலின் மேற்பரப்பில் ஒரு வளிமண்டல அழுத்தம். கீழே போகப் போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடும். 90 மீட்டரில் மொத்தம் 10. அங்கிருந்து இழுத்துவரும் மீனின் காற்றுப்பைக்குள் இருக்கும் வாயு 10 மடங்கு விரியப் பார்க்கும். 190 மீட்டரென்றால் 20 மடங்கு. ஊஎருக்கும் லாங்கெக்கும் புரொஸ்மெ என்ற ஆழ்கடல் மீனுக்கும் அந்த வாயுவைச் சட்டென்று வெளியே விட வழி கிடையாது. அது உள்ளேயே விரிந்து இரைப்பையை வாய்வழியே தள்ளுகிறது, கண்ணைப் பின்னாலிருந்து பிதுக்குகிறது. தொர்ஸ்க்கின் கதை கொஞ்சம் வேறு. அதன் பை கிழிந்து வாயு வெளியேறிவிடும், அந்தக் கிழிசல் சில நாட்களில் ஆறும். 30, 40 மீட்டரில் இருந்து அவசரமில்லாமல் சுற்றி எடுத்த தொர்ஸ்க்கை உடனே விட்டால் பெரும்பாலும் தலைகீழாய்ப் பாய்ந்து போய்விடும்.

வாயில் தெரியும் அந்தச் சதைக்கட்டியைக் காற்றுப்பை என்று நினைத்துக் கத்திமுனையால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரைப்பை. குத்தினால் மீனுக்கு இரண்டாவது காயம், அவ்வளவுதான்.

சரி, ஊஎர் வந்துவிட்டது, என்ன செய்வது? 150 மீட்டரில் இருந்து வந்தது என்றால் அடித்து, இரத்தம் வடித்து, ஐஸில் வைத்துச் சாப்பிடுங்கள். அதன்பிறகு செய்வதுதான் முக்கியம்: அதே இடத்தில் திரும்ப இறக்கக் கூடாது. ஊஎர் கூட்டமாக நிற்கும் மீன். ஆழம் சரியும் விளிம்பில், அடியிலிருந்து சற்று மேலே, எக்கோலொட் எனும் ஒலிவழி ஆழம் காட்டும் கருவியின் திரையில் சிறு மேகம்போலத் தெரியும். ஒன்று வந்தால் இன்னும் வரும். நோர்வேயின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட இனம் அது. முட்டையிடாது, குஞ்சாகவே விடும், பருவமடையவே பத்து வருடத்துக்கு மேல் எடுக்கும். அப்படிப்பட்ட மீனின்மேல் ஐந்து தூண்டில் கட்டிய சரத்தை இறக்குவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆழத்துக்குப் போனால் ஒரு தூண்டில் போதும்.

கீழே திருப்பி அனுப்பும் ஒரு வழியும் உண்டு. அலாஸ்காவில் 2020 முதல் பொழுதுபோக்கு மீன்பிடிப் படகுகள் அதற்கான கருவியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், அங்குள்ள பாறை மீன்கள் ஊஎரின் உறவினம்தான். வீட்டிலேயே செய்யலாம். ஒரு கிலோ ஈயக்கட்டியில் பெரிய தூண்டில் ஒன்றைத் தலைகீழாகக் கட்டுங்கள், முள்ளின் எதிர்க்கொளுவைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனின் கீழ்த்தாடையில் அதை மாட்டி, வேகமாக 50, 60 மீட்டருக்கு இறக்கி, நூலை வெடுக்கென்று மேலே இழுத்தால் மீன் கழன்றுவிடும். கீழே போகும்போது வாயு மீண்டும் சுருங்கும். ஆனால் படம் எடுத்து, அளந்து, பக்கத்துப் படகுக்குக் காட்டி முடித்த பிறகு இதைச் செய்து பிரயோசனம் இல்லை.

குவெய்தேயின் கணக்கு நேர் எதிர். வளர்ந்த குவெய்தேக்குக் காற்றுப்பை இல்லை. எந்த ஆழத்தில் இருந்து வந்தாலும் விடலாம். அதைக் கொல்வது ஆழமல்ல, நாம்தான்.

முதலில் அது குவெய்தே என்று கண்டுபிடிக்க வேண்டும். தூண்டில் கடலடியில் மாட்டிக்கொண்டது போல இருக்கும். பிறகு அந்த "அடி" மெல்ல நகரும். சுற்றினால் பாரமாக, மறுப்பில்லாமல் மேலே வரும், அது வருகிற விதமே ஆளை ஏமாற்றும். படகின் நிழலைக் கண்டதும் திரும்பி ஒரே ஓட்டமாக அடிக்கு ஓடும். ரீலின் பிரேக்கை இறுக்கி வைத்தவர்கள் அந்த இடத்தில்தான் நூலை இழக்கிறார்கள், சிலர் கோலையும். பிரேக்கை நூலின் தாங்குபலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்க வேண்டாம். 20 கிலோ தாங்கும் பின்னல் நூலுக்கு ஆறு, ஆறரை கிலோ. இதை ஊகத்தில் வைக்காமல் மீன் நிறுக்கும் கைத்தராசைக் கொளுவி இழுத்துப் பாருங்கள். ரீலில் 300 மீட்டர் நூலாவது இருக்க வேண்டும். முனையில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் தங்கூசி, அதாவது நைலோன் இழை, இரண்டு மூன்று மீட்டர், இல்லாவிட்டால் பல்லில் தேய்ந்து போய்விடும்.

பில்க்கோடு கடையில் வரும் மூன்று முனைத் தூண்டிலைக் கழற்றிவிட்டு 8/0 அளவில் ஒற்றைத் தூண்டில் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். மூன்று முனை ஒரு பக்கம் வாயிலும் மறுபக்கம் செவுளிலும் ஏறிவிட்டால் அந்த மீனை முழுதாக விட முடியாது. ஒற்றைத் தூண்டிலால் மீன் தவறும் என்ற பயம் வீண், குவெய்தே இரையை உறிஞ்சி எடுக்கிற மீன்.

நோர்வேயில் 84 சென்டிமீட்டருக்குக் குறைந்த குவெய்தேயை வைத்திருக்க முடியாது. மேல் எல்லையும் உண்டு, அதைத் தாண்டியது கட்டாயம் கடலுக்குத்தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவமும் மீன்வளத் திணைக்களத்தின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். அளப்பதைத் தண்ணீரில் வைத்தே செய்யலாம்: மிதக்கும் நாடா ஒன்றைப் படகின் பக்கவாட்டில் போட்டால் போதும். ஒரு மீட்டர் நீளம் என்றால் சுமார் 12 கிலோ, ஒன்றரை மீட்டர் 40ஐத் தாண்டும், இரண்டு மீட்டர் 100ஐத் தாண்டும். மிகப் பெரியவை எல்லாமே பெண் மீன்கள், முட்டை சுமப்பவை. உடம்பு பெருக்கப் பெருக்கப் பாதரசமும் கூடச் சேர்கிறது. ஆகவே பெரியதை விடுவதில் வாய்க்கும் பெரிய நட்டமில்லை. விடப் போகும் மீனில் கொக்கித்தடி படவே கூடாது, வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தூக்கக் கூடாது. நீளக் குறட்டால் தூண்டிலைத் திருப்பிக் கழற்றினால் அது தன்பாட்டில் போகும்.

வைத்திருப்பது என்று முடிவெடுத்தால், 15 கிலோவுக்கு மேற்பட்டதை உயிரோடு படகுக்குள் ஏற்றாதீர்கள். அந்த வால் ஒரு அடி அடித்தால் கால் முறியும், பெட்டி பறக்கும், எரிபொருள் குழாய் கழன்றாலும் ஆச்சரியமில்லை. தாடைவழியே கயிறு கோர்த்துப் படகோடு சேர்த்துப் பிடித்து, வெளியே வைத்தே செவுளை அறுத்து, அடங்கும்வரை விடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, கத்தி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. படகு நின்ற பிறகு அதைக் கழற்றிவிட்டு மீனோடு மல்லுக்கட்டுகிறவர்களைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். ஐந்தாறு பாகை குளிர்த் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் விரல் மடங்காது.

ஒஸ்லோ ஃபியோர்ட்டில் மக்ரெல் பிடிப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அங்கே பொழுதுபோக்குக்காரருக்குத் தொர்ஸ்க் 2019 முதல் தடை, உயிரோடு வந்தால் விட்டே ஆக வேண்டும். மற்றது ஃபியேசிங். மக்ரெல் சரத்தில் சேர்ந்து வரும் சின்ன மீன், முதுகின் முன்முள்ளிலும் செவுள்மூடி முள்ளிலும் நஞ்சு. கையால் தொடாமல் குறட்டால் கழற்றுங்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சுடுநீரில், 40 பாகைக்குச் சற்று மேல், அரை மணிநேரமாவது கையை வைத்திருக்க வேண்டும். சுடுதண்ணீர்ப் போத்தல் தேநீருக்கு மட்டுமில்லை. மூச்சுத் திணறினால் உடனே 113, நோர்வேயின் அவசர மருத்துவ எண்.

கடைசியாக ஸ்டைன்பீட். கடல்முள்ளெலியையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும் தாடை அது. படகுக்குள் வந்ததும் சுருண்டு சும்மா கிடக்கும், செத்துவிட்டது என்று நினைத்தால் கெட்டோம். தலையில் அடித்த பிறகும் கடிக்கும். சப்பாத்தோடு காலைப் பக்கத்தில் வைக்காதீர்கள். தூண்டில் உள்ளே போயிருந்தால் தங்கூசியை வெட்டிவிடுங்கள், ஒரு தூண்டிலின் விலை விரலின் விலையைவிடக் குறைவு. வைத்திருப்பதென்றால் மண்டையில் பலமாக இரண்டு அடி, பிறகு செவுளின் கீழே வெட்டி இரத்தம் வடிக்க வேண்டும். தோலை உரித்துத்தான் சமைக்க வேண்டும். எண்பதுகளில் வட நோர்வேயின் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்த நம்மவர்களிடம் கேட்டால் அரை நிமிடத்தில் உரித்துக் காட்டுவார்கள். ஸ்டைன்பீட்டில் சாம்பல் நிறத்ததும் புள்ளி போட்டதும் இறுக்கமான வெள்ளைச் சதை, புளி விட்ட குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உடையாது. நீலநிறத்தது மட்டும் அப்படியல்ல. சதை களிபோலத் தண்ணீராய் இருக்கும், சட்டியில் கரைந்துவிடும். அதைத் தராசில் வைக்கவே வேண்டாம். அதற்கும் காற்றுப்பை கிடையாது, தூண்டிலைக் கழற்றிவிட்டால் நேரே அடிக்குப் போய்விடும்.