சாமான்களைக் காப்பாற்றத் தெரிந்த தேசம்

பாரிஸில் மோன்சோ தெரு 63ஆம் எண் வீடு இப்போது நிசிம் த கமோந்தோ அருங்காட்சியகம். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அறைக்கலன்களை ஒரு வீட்டுக்குள் வைத்தே பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் போக வேண்டும். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஒரு பிரபுவின் பெருந்தன்மை’ என்று முடித்துக்கொள்வது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கொடுத்தவர் கோமான் மொயீஸ் த கமோந்தோ. 1860இல் இஸ்தான்புல்லில் பிறந்த யூதர். வங்கிக் குடும்பம். கோமான் பட்டம்கூட இத்தாலிய மன்னர் தந்ததுதான். சிறுவனாகப் பாரிஸுக்கு வந்தவர், பிரெஞ்சு மன்னர்களின் காலத்துப் பொருட்களைத் தேடித்தேடி வாங்கினார். தாயார் விட்டுச்சென்ற வீட்டை இடித்துவிட்டு, வெர்சாயில் உள்ள பெத்தி திரியானோன் என்ற சிற்றரண்மனையை மாதிரியாக வைத்துப் புது வீடு எழுப்பினார். அரசவைத் தச்சர் ரீஸ்னர் செய்த மேசைகள், லூவ்ருக்காக சவோன்னரி நெசவுக்கூடத்தில் நெய்த கம்பளங்கள், ரஷ்ய அரசி கேதரின் தன் காதலர் ஓர்லோவுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்கள். பறவை ஓவியங்கள் தீட்டிய செவ்ர் ஆலைப் பீங்கான்களுக்குத் தனி அறை. விருந்தாளி இல்லாத நாட்களில் அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாராம். மனைவி இரேன் எப்போதோ பிரிந்து போயிருந்தார். ஓவியர் ரெனுவார் 1880இல் சிறுமியாக வரைந்தாரே, அதே இரேன்.

மகன் நிசிம் முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்தான். 1917 செப்டம்பரில் வான்சண்டையில் செத்தான். வயது 25. அப்புறம் யாருக்காகச் சேர்ப்பது? வீட்டையும் சேகரிப்பையும் மகன் பெயரில் நாட்டுக்கு எழுதிவைத்தார். எதையும் இடம் மாற்றக் கூடாது, வெளியே இரவல் தரக் கூடாது என்று நிபந்தனை. எப்படித் துடைக்க வேண்டும், பராமரிக்க வேண்டும் என்பதுவரை குறிப்பு. செத்த பிறகும் அதிகாரம் செய்கிறார் என்று இதைக் கிண்டல் செய்யலாம்தான். எனக்கென்னவோ, பிள்ளையின் பெயரை யாரும் கழற்றிவிடக் கூடாதே என்ற பயமாகத்தான் படுகிறது.

1935இல் மொயீஸ் இறந்தார். அடுத்த ஆண்டு அருங்காட்சியகம் திறந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது, நாஜிகள் பாரிஸைப் பிடித்தார்கள். பிரெஞ்சு நாட்டின் சொத்தாகிவிட்டதால் சேகரிப்பு தப்பியது. மகள் பியாத்ரிஸ் தப்பவில்லை.

பெருந்தன்மைக் கதைக்காரர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். பியாத்ரிஸிடம் இருந்த அந்த ரெனுவார் ஓவியத்தை 1941இல் நாஜிகள் பறித்தார்கள். கணவர் லியோன் ரெய்னாக் தேசிய அருங்காட்சியகங்களின் இயக்குநருக்குக் கடிதம் எழுதினார்: மாமனார் இந்த வீட்டைக் கொடுத்தார், என் தந்தை கெரிலோஸ் மாளிகையைக் கொடுத்தார் என்று. ஓவியத்தை மீட்கக்கூட அந்தத் தானப் பட்டியல் உதவவில்லை. பிறகு பியாத்ரிஸ், லியோன், பிள்ளைகள் ஃபானி, பெர்த்ரான் நால்வரும் பாரிஸுக்குப் பக்கத்தில், யூதர்களைச் சிறைவைத்த த்ராங்சி முகாமில். அந்த முகாம் வாசலில் காவல் நின்றவர்கள் பிரெஞ்சுப் போலீஸ்காரர்கள்! அங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலை முகாம். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அருங்காட்சியக வாசலில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது போதாது. சீட்டு வாங்கி உள்ளே வருகிறவனுக்கு ரீஸ்னரின் மேசையைப் பற்றி எவ்வளவு விளக்குகிறார்களோ, அதே அளவுக்கு லியோனின் கடிதத்தையும் விளக்க வேண்டும்.

அந்த ஓவியம்? நாஜித் தலைவர் கோயரிங் கைவரை போய்த் திரும்பி வந்தது. போருக்குப் பின் இரேனிடம் கொடுத்தார்கள். அவர் 1949இல் அதை எமில் பியூர்லேவுக்கு விற்றார். சுவிட்சர்லாந்தில் ஆயுதத் தொழிற்சாலை நடத்தி ஜெர்மன் ராணுவத்துக்கு பீரங்கி விற்றவர். ஓவியம் இப்போது சூரிக்கில் தொங்குகிறது, அவர் பெயர் தாங்கிய சேகரிப்பில்.