வாசலில் ஒரு தைலமரம்

"ஊருல வெட்டிப் போடுற மரத்த அங்க காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கியாக்கும்?" வீடியோ காலில் அம்மா கேட்காத வாரமில்லை. இங்கே பெர்த்தில் வீட்டுக்கு வரும் நம்மாட்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

அம்மா மேல் தப்பில்லை. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குப் போன மரம் சோலையை ஒட்டிய புல்வெளிகளை எவ்வளவு விழுங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தைலமரத்தில், அதாவது யூகலிப்டஸில், 700 வகைக்கு மேல் உண்டு. என் வாசலில் நிற்பது சீசியா. இந்த மண்ணின் நூங்கார் மக்கள் வைத்த பெயர் குங்குரு. நர்சரியில் 'சில்வர் பிரின்சஸ்' என்று கேட்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் கருங்கல் பாறைகளில்தான் இது தானாக வளரும். காட்டில் அரிது, தோட்டங்களில் தாராளம். விசித்திரம்தான்.

கிளை, மொட்டு, காய் எல்லாவற்றிலும் திருநீறு பூசியது போல ஒரு வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் உள்ளே செம்பழுப்பு. அடிமரத்தில் பட்டை, ஆசாரி இழைத்த சீவல் மாதிரி சுருண்டு நிற்கும். குளிர்காலத்தில் மொட்டின் மூடி கழன்று விழும். பூவுக்கு இதழே கிடையாது, ரோஜா நிற மகரந்தக் கேசரங்கள்தான், நுனியில் மஞ்சள். தேன்குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை போடும்.

வளர்ப்பதில் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: முட்டுக்கொடுத்து இறுக்கிக் கட்டாதீர்கள். வாங்கிய இடத்தில் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள், நானும் கேட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கம்பை எடுத்ததும் அடுத்த காற்றில் மரம் தரையில் படுத்துவிட்டது. காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு தடிக்க வேண்டும், நான் ஆடவே விடவில்லை. கடைசியில் அடியோடு வெட்டினேன். மண்ணுக்குள் அடிக்கட்டையில் கிழங்கு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதிலிருந்து கரும்பு மறுதாம்பு போலத் துளிர்த்தது. இப்போது நான்கு தண்டு. கோணல்தான், தொங்கல்தான். அதன் அழகே அதுதான். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினேன், அப்புறம் மழையோடு சரி.

விதை கேட்டு இன்பாக்ஸுக்கு வரும் ஊர்க்காரர்களுக்கு: தரமாட்டேன். புழுக்கம் இதற்கு ஆகாது. தவிர, நீலகிரிக்கு ஒருமுறை அனுப்பியதே போதும்.